சுஜீவாவுக்கு முன்னால் இருபத்தாறு விமானங்கள்

சுஜீவாவிடம் விமானம் ஓட்டும் லைசென்ஸ் இருக்கிறது என்பதை நம்புவதற்குச் டென்மார்க்கின் சில்க்போர்க் நகரத்துத் தமிழர்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. நம்பிய பிறகும் அவர்கள் முதலில் கேட்டது, "அப்ப கபிலன் எங்க இருப்பார்?" என்றுதான். கபிலன் சுஜீவாவின் கணவர். அந்தக் கேள்விக்குச் சுஜீவா ஒரே சொல்லில் பதில் வைத்திருந்தார்.

"வீட்டில."

உண்மையும் அதுதான். சுஜீவா பறக்கத் தொடங்கி ஏழு வருடம். கபிலன் மனைவி ஓட்டும் விமானத்தில் ஒரு தடவைகூட ஏறவில்லை.

சுஜீவாவுக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. பதினைந்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. காலையில் எட்டுப் பேரைக் குளிக்கவைத்து, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து முடித்தால், வெயில் நாட்களில் அவர்களைச் சக்கர நாற்காலியில் ஏரிக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போவார். அங்கே தலைக்கு மேலால் சின்ன விமானங்கள் போகும். நாற்காலியில் இருப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். தள்ளுகிறவரும் பார்ப்பார். ஒரு கோடையில், பறப்புக் கழகம் எல்லோரையும் உள்ளே விட்ட ஒரு சனிக்கிழமை, சுஜீவா நேரே போய்ப் படிப்பதற்கு எங்கே பெயர் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். மேசையில் இருந்தவர் அன்பாகச் சிரித்து, "மகனுக்கு எத்தனை வயது?" என்றார்.

"எனக்கு மகன் இல்லை. எனக்கு நாற்பது வயது," என்றார் சுஜீவா.

ஆணும் பெண்ணும் சமம் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கும் நாட்டில் இப்படி ஒரு கேள்வியா என்று நம்மவர்கள் சிரிக்க அவசரப்பட வேண்டாம். அடுத்த வாரமே கோவில் வாசலில் ஒரு பெரியவர், "பொம்பிளையளுக்கு மேல போனாத் தலை சுத்தாதோ பிள்ளை?" என்று விசாரித்தார். "கீழ நிண்டு உங்கட கதையளைக் கேட்டாத்தான் அண்ணை சுத்துது," என்று சொல்லிவிட்டுச் சுஜீவா செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

கபிலன் அந்தப் பெரியவரைப் போன்றவர் அல்ல. மனைவி படித்த இரண்டு வருடமும் சமைத்தார். சோதனைக்கு முதல்நாள் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார். லைசென்ஸ் வந்த அன்று கேக் வாங்கி வந்தார். ஏறத்தான் மாட்டார். ஏறமாட்டேன் என்றும் சொல்லமாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஏழு வருடம் ஓட்டுவதற்கு அவருக்குக் கைகொடுத்தது, சுவரில் தொங்கிய நாட்காட்டி.

அந்த நாட்காட்டியை வருடாவருடம் அனுப்புகிறவர் கோல்டிங் நகரில் இருக்கும் அவருடைய அக்கா புஷ்பராணி. யாழ்ப்பாணத்தில் அச்சடித்தது. சுஜீவா விமானம் பதிந்த ஒரு சனிக்கிழமை அட்டமி. அடுத்தது நவமி. அதற்கடுத்தது கரிநாள். குற்றமே இல்லாத ஒரு சனிக்கிழமை வந்தபோது டென்மார்க்கில் மழை பெய்தது. நாட்காட்டியும் மழையும் ஒன்றாக வழிவிடும் நாளில் கழகத்தின் விமானத்தை வேறொருவர் பதிந்திருப்பார். இப்படிக் கழித்துக்கொண்டே போனால் வருடத்துக்கு ஒரு நாள் மிஞ்சலாம். அந்த ஒரு நாளிலும் ராகு காலம் ஒன்று குந்திக்கொண்டிருக்கும்.

கபிலனின் தொழில் என்ன என்று சொன்னால்தான் இதன் அழகு விளங்கும். அவர் பஸ் சாரதி. செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணி முதல் நாலரை வரை ராகு காலம் என்று அந்த நாட்காட்டி சொல்கிறது. பத்தொன்பது வருடமாக அந்த நேரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நகரத்தைச் சுற்றி வருகிறார். ஒரு செவ்வாய்க்கிழமையாவது பஸ்ஸை ஓரங்கட்டி, ராகு போன பிறகு போவோம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. சுஜீவா இதைக் கேட்டபோது கபிலன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னார்: "அது கடமை. கடமைக்கு ராகு இல்லை."

ராகு என்று வானத்தில் ஒரு கிரகம் கிடையாது. சூரியன் போவதாகத் தெரியும் பாதையும் சந்திரன் போகும் பாதையும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குப் பழைய காலத்தார் வைத்த பெயர் அது. சுருக்கமாகச் சொன்னால் ஒரு சந்தி. ஒரு நாளைக்கு நூறு சந்தி கடக்கிற மனிதர் வானத்தில் இருக்கும் ஒரேயொரு சந்திக்காக ஏழு வருடம் வீட்டில் இருந்தார்.

இந்த வருடம் ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் புஷ்பராணி கண்டுபிடித்தார். திதி நல்லது, நட்சத்திரம் நல்லது, கரிநாள் இல்லை. ஒரு நிபந்தனைதான்: பின்னேரம் நாலரைக்கு ராகு காலம் தொடங்குவதற்கு முன் வெளிக்கிட வேண்டும், பயணம் தொடங்கிவிட வேண்டும். அந்த வார இறுதியில் மேற்குக் கரையோரத்து விமானத்திடல் ஒன்றில் பறப்புத் திருவிழா. நாலாபக்கத்திலிருந்தும் சின்ன விமானங்கள் பறந்துவந்து புல்தரையில் இறங்கும், பக்கத்திலேயே கூடாரம் அடித்துத் தங்குவார்கள், ஞாயிறு சாகசக் காட்சி பார்த்துவிட்டுத் திரும்பிப் பறப்பார்கள். சுஜீவா சனிக்கிழமையே தனியாகப் பறந்து போய்விட்டார். கபிலன் ஞாயிறு காலை மூன்று பஸ் மாறி வந்து சேருவது, இருவரும் ஒன்றாகத் திரும்பிப் பறப்பது என்று ஏற்பாடு.

அன்று காலை தொலைபேசியில் சுஜீவா சொன்னது இவ்வளவுதான்:

"இஞ்சருங்கோ, இண்டைக்கும் ஏதும் சாட்டுச் சொன்னியளெண்டா நான் கோவிக்க மாட்டன். ஆனா இனி உங்களைக் கேக்கவும் மாட்டன்."

கோபித்திருந்தால் கபிலனுக்குச் சமாளிக்கத் தெரியும். கேட்கமாட்டேன் என்றதுதான் அவரை மூன்று பஸ்ஸிலும் உறுத்தியது. கடைசி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பழக்கதோஷத்தில் நிறுத்தத்திலிருந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டார். திரும்பிப் போகும் கடைசி பஸ் ஐந்து மணி ஐந்து நிமிடம்.

சாகசக் காட்சி முடியும்வரை ஒருவரையும் மேலே விடமாட்டார்கள். இரண்டரைக்கு முடிய வேண்டியது மூன்றரை தாண்டி முடிந்தது. முடிந்த கையோடு எல்லோருக்கும் வீட்டு நினைவு வந்தது. இருநூறு விமானம், ஒரு ஓடுபாதை. சுஜீவா ஓட்டிவந்த கழகத்தின் சின்ன விமானத்தில் இரண்டே இருக்கை. இறக்கைகள் தலைக்கு மேலே இருக்கும். அவற்றைத் தாங்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாய்வுக் கம்பி. கபிலனை ஏற்றி, பட்டியைக் கட்டி, காதில் ஹெட்செட்டை மாட்டி, பயணக் குறிப்பேட்டை மடியில் வைத்து, "சில்லு உருளத் தொடங்கின நேரத்தை எழுதுங்கோ," என்றார் சுஜீவா. நேரம் எழுதச் சொன்னால் பஸ்காரருக்குப் பயம் பாதி குறையும் என்று அவருக்குத் தெரியும்.

கபிலன் எழுதினார். 15.52.

புல்லில் உருண்டு ஓடுபாதையின் முனைக்குப் போவதைப் பறப்புக்காரர்கள் டாக்சி என்கிறார்கள். வாடகைக் காருக்கும் அதற்கும் ஒரு ஒற்றுமை உண்டு: நின்றாலும் மீற்றர் ஏறும். இங்கே ஏறுவது எஞ்சினின் சூடு. இந்தச் சின்ன எஞ்சின்களைக் குளிரவைப்பது முன்னால் வந்து மோதும் காற்று. நகராமல் நின்றால் அது கிடையாது. வரிசையைச் சேர்ந்தபோது சுஜீவா முன்னால் நின்றவற்றை எண்ணினார். இருபத்தாறு. நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால் நாலரைக்கு முன்னாலேயே மேலே போய்விடலாம்.

அப்போது கபிலனின் போன் அடித்தது. புஷ்பராணி.

"தம்பி, வெளிக்கிட்டாச்சோ?"

"ஓமக்கா, வெளிக்கிட்டாச்சு."

"எஞ்சின் சத்தம் கேக்குது. எங்க, மேலயோ?"

"வழியில அக்கா," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கு ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. வரிசையின் தலைப்பில் ஒருவருடைய சில்லு ஈரமண்ணில் புதைந்தது. அதை இழுத்து எடுப்பதற்குள் இறங்குகிறவர்கள் நாலு பேர் வந்தார்கள். நாலு மணி கடந்து ஐந்து நிமிடத்தில் வானொலியில் அறிவித்தார்கள்: காத்திருப்பவர்கள் எஞ்சினை நிறுத்திவிடுங்கள், வரிசை நகரும்போது கையால் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

சுஜீவா எஞ்சினை நிறுத்தினார். திடீரென்று வானம்பாடிகளின் சத்தம் கேட்டது.

"இறங்குங்கோ. தள்ள வேணும்."

கபிலன் அசையவில்லை. "இறங்கினா?"

"இறங்கினா என்ன?"

"வெளிக்கிட்டாச்செண்டு அக்காவுக்குச் சொல்லிப்போட்டன். இப்ப இறங்கினா அது இறங்கினதெல்லோ? பிறகு ஏறுறது புதுசா வெளிக்கிடுறது மாதிரி வரும்."

சுஜீவா அந்த வெக்கையில் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "அப்பிடியொண்டும் இல்லை. பறக்கிறதுக்கெண்டு சில்லு உருளத் தொடங்கினதில இருந்து, போய்ச்சேந்து முழுசா நிக்கிற வரைக்கும் ஒரே பறப்புத்தான். சட்டம் அப்பிடி. உங்கட கையால எழுதினியள், பதினைஞ்சு ஐம்பத்திரண்டு எண்டு."

கபிலன் குறிப்பேட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. சட்டம் அறியாத சாரதி அல்லவே அவர். பயணம் தொடங்கிவிட்டது, இன்னும் முடியவில்லை. நடுவில் தன்னுடைய உடம்பு பயணத்தை விட்டுப் பிரியாமல் பார்த்துக்கொண்டால் போதும். வலது கையால் சாய்வுக் கம்பியைப் பிடித்தபடியே ஒரு காலை இறக்கினார், மறு காலை இறக்கினார். கையை எடுக்கவில்லை.

அதன் பிறகு ஒரு மணித்தியாலம் அந்தக் கை அந்தக் கம்பியிலேயே இருந்தது.

வரிசை நகர்ந்தால் தள்ளினார். நின்றால் பிடித்துக்கொண்டு நின்றார். முன்னால் ஒரு பழைய மஞ்சள் விமானம். எழுபது வயது தாண்டிய டெனிஷ் கணவனும் மனைவியும் அதன் இறக்கை நிழலில் குந்தியிருந்து கறுப்புப் பாண் சாப்பிட்டார்கள். அந்த அம்மா எழும்பி வந்து கபிலனுக்குக் கோப்பி நீட்டினார். இடது கையால் வாங்கினார். சீனி போட்டுக் கலக்க இரண்டாவது கை வேண்டும். சீனி இல்லாமலே குடித்தார். விமானம் ஓடிப்போய்விடுமா என்று அந்த அம்மா பகிடியாகக் கேட்டதற்கு, "காற்று," என்று மரியாதையாகப் பதில் சொன்னார். ஒரு புல்கூட அசையவில்லை.

இதற்கிடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. இரட்டை எஞ்சின் வைத்த, வெள்ளைவெளேரென்ற விமானம் ஒன்று வரிசைக்குப் பக்கத்துப் புல்லால் சத்தம் போட்டுக்கொண்டு போய்த் தலைப்பில் நுழைந்தது. அது மேலே போன சூடு ஆறுமுன் இன்னொன்று. மூன்றாவதும் வந்தபோது சுஜீவா எஞ்சின் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். மஞ்சள் மேலங்கி போட்டு, கையைக் காட்டி வழிவிட்டுக்கொண்டிருந்தவரிடம் நேரே போனார். அவர் பெயர் டானியல். மற்ற நாட்களில் பல் வைத்தியர். காத்திருக்கச் சொல்லிப் பழகிய குரல்.

"இவர்கள் ஏன் வரிசையில் நிற்கவில்லை?" என்று டெனிஷில் கேட்டார் சுஜீவா.

"அவருக்கு ஹம்பேர்க்கில் ஒரு சந்திப்பு இருக்கிறது. விழாவுக்கு நிறைய உதவி செய்தவர்."

"அந்த மஞ்சள் விமானத்தில் இருக்கிறவர்களுக்கு வீடு இருக்கிறது. எனக்கும் ஒரு நேரம் இருக்கிறது. நாலரைக்குப் பிறகு என்னுடைய கணவர் என்னோடு வரமாட்டார்."

டானியல் எட்டிப் பார்த்தார். கபிலன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மருந்து எடுக்கிற நேரமா?"

"இல்லை. ராகு."

"யார் அது?"

"ஒரு பாம்பு. தலை மட்டும்தான், உடம்பு இல்லை. நாலரைக்கு வருவார்."

டானியல் தொழில்முறையில் யோசித்தார். "பல் இருக்கிறதா?"

சுஜீவா கோபத்தை மறந்து சிரித்துவிட்டார். டானியலும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி வா, உன்னையும் பக்கத்தால் விட்டுவிடுகிறேன். பத்து நிமிடத்தில் மேலே போய்விடலாம்," என்றார்.

மணி நாலு பதினான்கு. பத்து நிமிடம் என்றால் நாலு இருபத்துநாலு. ஏழு வருடமாகக் கேட்டது பத்து நிமிடத்தில் கிடைக்கிறது. சுஜீவா திரும்பிப் பார்த்தார். முன்னால் பதினாறு விமானம், பின்னால் அதைவிடக் கூட. வெயிலில் சட்டையைக் கழற்றிப்போட்டுத் தள்ளிக்கொண்டிருக்கும் மனிதர்கள். மஞ்சள் விமானத்துக்காரர் சப்பாத்தைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்," என்றார் சுஜீவா. "இதைத்தான் நான் இப்போது பிழை என்று சொன்னேன். நீ இனி ஒருவரையும் விடாதே. அது போதும்."

டானியலுக்குக் காது சிவந்தது. அடுத்து வந்த பெரிய விமானத்தைக் கையை உயர்த்தி மறித்து, வரிசையின் வாலுக்கு அனுப்பினார். அன்றைய நாளில் நடந்த சாகசங்களில் அதுதான் பெரியது என்பேன். கைதட்ட ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

கபிலன் தூரத்திலிருந்தே பாதியை விளங்கிக்கொண்டார்.

"என்னவாம்?"

"பக்கத்தால போகலாமாம். நான் வேண்டாமெண்டிட்டன்."

"ஏன் வேண்டாமெண்டு சொன்னனீர்? மணியைப் பாத்தனீரோ?"

"பாத்தனான். உங்கட பஸ்ஸில நிறுத்தத்தில நிக்கிற ஆக்களைத் தள்ளிப்போட்டு ஒருத்தன் ஏறினா விடுவியளோ?"

"விடமாட்டன்."

"பிறகென்ன?"

கபிலன் இடது கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

நாலரை வந்தது. ராகு வந்தார் என்பதற்கு எந்த அடையாளமும் தெரியவில்லை. ஒரு வண்டு பறந்தது. கபிலன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்று, நாலு முப்பத்தொன்று ஆனதும் கம்பியை இன்னும் இறுக்கமாகப் பிடித்தார். ஆனால் போகிறேன் என்று சொல்லவில்லை. சட்டத்தின்படி அவர் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தார்.

போன் மறுபடி அடித்தது.

"தம்பி, இறங்கிட்டியளோ?"

"இல்லையக்கா, இன்னும் வழியில."

"இவ்வளவு நேரமோ? பஸ்ஸிலயே வந்திருக்கலாமே!"

இது வேடிக்கைதான். சுஜீவாவுக்கு மட்டும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. ஐந்து மணி அளவில் முன்னால் ஐந்து விமானம் இருந்தபோது, கம்பியில் இருந்த அந்தக் கையை அவர் பார்த்தார். விரல்கள் வெளுத்திருந்தன. ஏதோ வாய்க்கு வந்த ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் வெயிலில் நிற்கிறார். முதியோர் இல்லத்தில் ஞாபகம் தப்பிப்போனவர்கள் உண்டு. செத்துப்போன கணவன் எப்போது வருவார் என்று பின்னேரம் முழுக்கக் கேட்பார்கள். இதோ வருகிறார் என்று சொன்னால் வேலை சுலபம். சுஜீவா இருபத்துநாலு வருடத்தில் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. பயந்தவரிடம் பொய் சொல்லக்கூடாது என்பது அவருடைய சொந்தச் சட்டம்.

"இஞ்சருங்கோ," என்றார். "நான் சொன்ன சட்டம் எத்தினை மணித்தியாலம் பறந்ததெண்டு குறிப்பேட்டில எழுதுறதுக்கு வைச்சது. ராகுவுக்கு வைச்சதில்லை. அக்காவின்ர நாட்காட்டிப்படி பாத்தா நாங்கள் நிலத்தை விடப்போறது நடு ராகு காலத்தில. உங்களை ஏய்ச்சு ஏத்திக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. ஐஞ்சு ஐஞ்சுக்கு பஸ் இருக்கு. போறதெண்டாப் போங்கோ."

வேலிக்கு அப்பால் நூறு மீற்றரில் பஸ் நிறுத்தம். கபிலன் அந்தப் பக்கம் பார்த்தார். மணி ஐந்து மூன்று. நடந்தாலே பிடிக்கலாம். தெருவின் வளைவில் பஸ் தெரிந்தது. நேரத்துக்கு வந்தது. நிறுத்தத்தில் நின்றது. கதவு திறந்தது. ஒரு பெண் நாய்க்குட்டியோடு இறங்கினார். சாரதி இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு சாரதி கடைசி பஸ்ஸில் எவ்வளவு நேரம் பொறுப்பார் என்பது கபிலனுக்குத் தெரியும். பத்து செக்கன் கூடவே பொறுப்பார். அந்தப் பத்து செக்கனும் போனது. கதவு சாத்திக்கொண்டது. பஸ் போனது.

கை கம்பியிலேயே இருந்தது.

"ஐஞ்சு ஐஞ்சு. சரியான நேரம்," என்றார் கபிலன் தொழில் மதிப்போடு. பிறகு, பஸ் போன திக்கைப் பார்த்துக்கொண்டே, "ராகு இப்ப இல்லை," என்றார்.

"என்ன?"

"ராகு காலம் எண்டுறது பகலை எட்டாப் பிரிச்சு அதில ஒரு பங்கு. ஞாயிற்றுக்கிழமையில கடைசிப் பங்கு. இஞ்ச ஜூனில பத்து மணிக்கெல்லோ பொழுது படுது. அப்ப ராகு வாறது இரவு எட்டு மணிக்குக் கிட்ட. டென்மார்க் நேரத்துக்குக் கணிச்ச பஞ்சாங்கம் கோவில்ல தந்தவை."

"எப்ப தந்தவை?"

"அது... நாலு வருசமாத் தருகினம்."

"நான் வீட்டில கண்டதில்லையே!"

"டிப்போவில, என்ர அலுமாரி லாச்சிக்குள்ள கிடக்கு."

சுஜீவா இடுப்பில் கையை வைத்தார். "ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

"அந்தப் பஞ்சாங்கத்தின்படி பாத்தா கோடையில சனி பின்னேரமும் ஞாயிறு பகல் முழுக்கவும் பறக்கலாம்," என்றார் கபிலன் பரிதாபமாக. "அதை வீட்டில தொங்கவிட்டா நான் என்ன செய்யிறது?"

விசுவாசத்தில் கண்ணை மூடிக்கொண்டவர் என்று நாம் நினைத்த மனிதர், இரண்டு பஞ்சாங்கத்தையும் ஒப்பிட்டு, தனக்கு வேண்டியதைச் சுவரிலும் வேண்டாததை லாச்சியிலும் வைத்திருக்கிறார். நம் ஊர்களில் பஞ்சாங்கத்தைக் காட்டிப் பெண்களை வீட்டில் நிறுத்திய கெட்டிக்காரர்கள் ஏராளம். பஞ்சாங்கத்தைக் காட்டித் தன்னையே வீட்டில் நிறுத்திக்கொண்டவரை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

"அப்ப ஏழு வருசமா என்னதான் உங்களுக்கு?"

கபிலன் புல்லைப் பார்த்தார். "பயம். ராகுவுக்கில்லை. உயரத்துக்கு. கீழ றோட்டு இல்லையெண்டா எனக்கு நெஞ்சு இடிக்கும்."

"இதை முதல் வருசமே சொல்லியிருக்கலாமே."

"நீர் அவ்வளவு சந்தோசமா இருந்தனீர். நான் பயந்தாங்கொள்ளி எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

சுஜீவா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். டானியல் தூரத்திலிருந்து கையைச் சுழற்றி, எஞ்சினைத் தொடக்கச் சொன்னார். முன்னால் மஞ்சள் விமானம் இருமிக்கொண்டு உயிர்பெற்றது.

"ராகுவுக்கு எனக்கு மருந்து தெரியாது," என்றார் சுஜீவா. "பயத்துக்குத் தெரியும். எட்டுப் பேருக்கு ஒவ்வொரு நாளும் குடுக்கிறன். ஏறுங்கோ. கீழ பாக்காதேங்கோ. மணியைப் பாருங்கோ, நான் சொல்லேக்க எழுதுங்கோ. வேண்டாமெண்டு தோணினா அந்த நிமிசமே சொல்லுங்கோ, திருப்பிக்கொண்டு வந்து இறக்கிவிடுவன். பகிடி பண்ணமாட்டன்."

"பிறகும்?"

"பிறகு பண்ணுவன்."

கபிலன் கம்பியிலிருந்து கையை எடுத்தார். விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டு ஏறினார்.

ஓடுபாதையில் வேகம் பிடித்தபோது கண்ணை மூடிக்கொண்டார் என்று சுஜீவா சொல்கிறார். மூடவில்லை, மணி பார்த்தேன் என்று கபிலன் சொல்கிறார். குறிப்பேடு இரண்டு பேருக்கும் சாட்சி. 17.14 என்று எழுதிய இலக்கங்கள் பூரான் ஊர்ந்ததுபோல் நடுங்கியிருக்கின்றன. நேரம் சரியாக இருக்கிறது. எண்பத்திரண்டு நிமிடம் நிலத்தில். வீட்டுக்கு முப்பத்தெட்டு நிமிடப் பறப்பு.

முதல் பத்து நிமிடம் அவர் கடிகாரத்தைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை. பிறகு கீழே ஒரு பெருந்தெரு வந்தது. அதில் ஒரு பஸ். அது எந்த வழி பஸ் என்று பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை. பஸ்ஸைப் பார்த்தவர் வயலைப் பார்த்தார், காற்றாலைகளை எண்ணினார். சில்க்போர்க் ஏரிகள் வெயிலில் தகடுபோல் தெரிந்தபோது தன்னுடைய முழு வழியையும், ஒவ்வொரு நிறுத்தத்தையும், விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "உந்த வளைவை இஞ்சயிருந்து பாத்தா ஒண்டுமே இல்லையப்பா, நான் கீழ என்ன பாடு படுறன்!"

கழகத்தின் புல்தரை முன்னால் தெரிந்தது. சுஜீவா இறங்குவதற்கு வேகத்தைக் குறைத்தார். மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

"இஞ்சேரும்," என்றார் கபிலன். "ஆறு மணிக்கு முதல் இறங்கப்படாது."

"ஏன்?"

"ராகு காலம். ஆறு மணி மட்டும் இருக்கு."

சுஜீவா திரும்பி அவரை முழுசாகப் பார்த்தார். "உங்கட ராகு இரவு எட்டு மணிக்கெல்லோ?"

"அது லாச்சியில இருக்கிற பஞ்சாங்கம்," என்றார் கபிலன், பார்வையை ஏரியிலிருந்து எடுக்காமல். "அக்காவின்ர நாட்காட்டியில இப்பதான். ஒரு சுத்துச் சுத்திப்போட்டு இறங்குவமோ?"

சுஜீவா எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். தாராளமாக இருந்தது. விமானத்தைச் சரித்து ஏரிப் பக்கம் திருப்பினார்.

குறிப்பேட்டில் இறங்கிய நேரம் 18.09 என்று இருக்கிறது. அந்த இலக்கங்கள் நடுங்கவில்லை.